அக்காவின் முடியை நான் வெட்டினேன்

லோண்ட்ரியில் சேர்ந்த முதல் கிழமையே அக்காவிடம் ஏச்சு வாங்கினேன்.

நான் புலம்பெயர்ந்து வந்த மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தில் விமானப் போர்வைகளும் ஹோட்டல் படுக்கை விரிப்புகளும் தோய்ப்பார்கள். உலர்த்தும் இயந்திரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். எல்லோருடைய புருவத்திலும் சட்டையிலும் அது படிந்திருக்கும். அன்று அக்காவின் தலையில் பெரிய பஞ்சு ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற நான் யோசிக்காமல் கையை நீட்டி அதை எடுத்துவிட்டேன். அவர் சட்டென்று இரண்டடி பின்னால் போனார். சிரித்துக்கொண்டிருந்த முகம் இறுகிவிட்டது.

“தலையில கை வைக்காதை,” என்றார்.

அன்று முழுக்க என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அடுத்த நாள் தேநீர் நேரத்தில் தானே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார்.

“உனக்குத் தெரியாது. எங்கட ஆக்களுக்குத் தலை பெரிய விசயம். கேக்காமல் ஒருத்தரும் தொடக்கூடாது.”

“தெரியாமல் செய்திட்டன் அக்கா.”

“அக்கா எண்டால் எனக்கு விளங்கும்,” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் பிஜித் தீவுக்காரர். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழி அல்ல. அந்த மண்ணின் பூர்வீகக் குடி. ஆனால் அவர் வளர்ந்த வீட்டுக்கு அடுத்த காணி ஒரு தென்னிந்தியக் குடும்பத்துடையது. அக்கா, சோறு, தண்ணி, வா, போ என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. மற்றபடி நாங்கள் கதைத்ததெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான். அந்த ஆங்கிலம் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அவரும் மற்றவர்களும் சொன்னவை என்னுடைய பேச்சாகவே மனதில் தங்கிவிட்டன, அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு முப்பத்திரண்டு. அவருடைய கணவர் இறந்து கனகாலம். ஒரே மகள் பிஜியில் ஆசிரியை. இங்கே அவர் வேறு தீவுகளைச் சேர்ந்த தேவாலயத்து ஆட்கள் சிலரோடு ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார்.

அவருடைய முடியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபிரிக்கர்களின் முடியைப்போல இறுகிய சுருள் முடி. தலையைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வட்டமாக எழும்பி நிற்கும். லோண்ட்ரியில் தரும் வலைத்தொப்பி அவருக்குக் காணாது. மேற்பார்வையாளர் இரண்டு தொப்பிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் உடைமாற்றும் அறையில் இருந்து அவர் தலை வாருவார். நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரமும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு இடுப்பு வரை நீண்ட முடி. குளித்துவிட்டு மேலிருந்து கீழே நாலு இழுப்பு இழுத்தால் சீவி முடிந்துவிடும். அக்கா செய்தது அதற்கு நேர்மாறு. முதலில் தலையைத் தண்ணீரால் நனைப்பார். காய்ந்த முடியில் சீப்பே வைக்கமாட்டார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் அடியில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பிறகு நுனியிலிருந்து தொடங்குவார். நுனியில் ஒரு விரற்கடை சிக்கு எடுபட்டபின்தான் சீப்பு அடுத்த விரற்கடைக்கு ஏறும். சீப்பு மரத்தால் ஆனது, நடுவிரல் அளவுக்கு நீண்ட பற்கள். வாரி முடிந்ததும் சிறு சிறு பின்னலாகப் பின்னித் துணியால் கட்டிக்கொண்டு போவார். சனிக்கிழமை முழுக்க அது கட்டிலேயே இருக்கும். ஞாயிறு காலை தேவாலயத்துக்கு முன் அவிழ்த்து உதறினால் அந்த வட்டம் வந்துவிடும்.

“ஒரு கிழமை விட்டால் என்ன?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சடை பிடிச்சிடும். பிறகு கடவுள் வந்தாலும் எடுக்கேலாது.”

எண்பத்தேழாம் ஆண்டு அவருடைய ஊரிலும் ஆறுதல் இல்லை, என்னுடைய ஊரிலும் இல்லை. பிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. வடமராட்சியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. என் அம்மாவிடமிருந்து கடிதம் வந்து ஏழு கிழமையாகியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. காலையில் கண்ட உடனே “கடிதம்?” என்று அவர் கேட்பார், நான் இல்லையென்று தலையாட்டுவேன், “போன்?” என்று நான் கேட்பேன், அவரும் அப்படியே தலையாட்டுவார். பிறகு வேலையைத் தொடங்குவோம்.

பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விரித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்கவேண்டும். ஜூலை மாதம் ஒரு காலை, நான் என் மூலைகளோடு நடந்துபோனேன். அக்கா வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். வலது கையிலிருந்த மூலை நழுவி விழுந்தது. அதைக் குனிந்து பார்த்தார், எடுக்கப் பார்த்தார், கை போகவில்லை. “அக்கா?” என்றேன். வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் விரிப்பின் மேலேயே சரிந்துவிட்டார்.

பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: “செங்கா.”

அவர்களுடைய மொழியில் அதற்கு இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். லோண்ட்ரியில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட சொல். முதல் ஞாயிறு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “தண்ணி வேணுமோ அக்கா?” என்று கேட்டேன். “செங்கா,” என்றார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் இடது கையை நீட்டி அதை எடுத்து முழுவதையும் குடித்தார்.

பக்கத்தில் நின்ற தாதி சொன்னார்: “அந்த ஒரு சொல்தான் அவவுக்கு வருது. ஓம் எண்டாலும் அதுதான், இல்லையெண்டாலும் அதுதான். சொல்லை நம்பாதேங்கோ.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போவேன். அவர் தலையை ஒரு பூப்போட்ட துணியால் கட்டிவிட்டிருந்தார்கள். அவருடைய துணிதான். தேவாலயத்து ஆட்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கவேண்டும். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், காலுக்கு எண்ணெய் தடவுவேன், முகம் துடைப்பேன். தலைத் துணியை மட்டும் தொடவில்லை. தொடக்கூடாது என்று சொன்னவரல்லவா. மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தாதிமார் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் ஐந்து கிழமை அந்தத் துணியை அவிழ்க்காமல் விட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது ஒரு வாடை வந்தது. புளித்த வாடை. கட்டிலைச் சுற்றிப் பார்த்தேன், விரிப்பைப் பார்த்தேன். பிறகு தெரிந்தது, அது துணிக்குள்ளிருந்து வருகிறது.

“அக்கா, அவிழ்க்கட்டோ?”

“செங்கா.”

அவிழ்த்தேன். உள்ளே முடி என்று சொல்ல ஒன்றும் இல்லை. முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து, அமுங்கி, கம்பளித் துண்டு போல இருந்தது. படுத்திருந்த பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது. எங்கேயும் விரல் நுழையவில்லை. தாதிமார் கெட்டவர்கள் இல்லை. உடம்பைத் துடைத்தார்கள், இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தார்கள், நகம் வெட்டிவிட்டார்கள். ஒரு தடவை ஷாம்பு போட்டு எல்லோருக்கும் கழுவுவதுபோல வட்டமாகத் தேய்த்துக் கழுவி, துவாயால் துடைத்து, அப்படியே கட்டிவிட்டார்களாம். அந்த முடியை என்ன செய்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தியான நான் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் இருந்து கால் தடவிக்கொண்டிருந்தேன்.

வார்டின் பொறுப்புத் தாதி வந்து பார்த்தார். “இதை மெஷினால வழிச்செடுக்கிறதுதான் சுகம். நாளைக்கே செய்யலாம்,” என்றார்.

“வேண்டாம். எனக்கு ஒரு கிழமை தாங்கோ. நான் எடுத்துவிடுறன்.”

“ஒரு கிழமை தரேலாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்கோ.”

லோண்ட்ரியில் சுகமில்லை என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். திங்கள் காலை என்னுடைய சீப்பைக் கொண்டுபோனேன். முதல் இழுப்பிலேயே இரண்டு பல் முறிந்து முடிக்குள் நின்றுவிட்டது. அக்கா வலியில் முனகினார். அவசரத்தில் மேலிருந்து கீழே இழுத்துவிட்டேன், என் தலை என்று நினைத்தது போல. கீழே இறங்கி லோண்ட்ரிக்குப் போன் போட்டேன். மேற்பார்வையாளர் அக்காவின் அலுமாரியைத் திறந்து மரச்சீப்பையும் எண்ணெய்ப் போத்தலையும் மத்தியானம் தானே கொண்டுவந்து தந்தார். சுகமில்லை என்று சொன்னது பொய் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே ஓகஸ்ட் குளிர்காலம், எண்ணெய் உறைந்திருந்தது. சுடுதண்ணீரில் போத்தலை வைத்து உருக்கி, நெற்றிப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஊறவிட்டேன். சீப்பு பிறகுதான். முதலில் விரலால் பிரித்தேன். விரல் போகாத இடத்தில் பின்னல் ஊசி. ஒரு முடிச்சிலிருந்து நாலு மயிர் கழன்று வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாலு. இரண்டு மணி நேரத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடம் எடுபட்டது. அக்கா முகத்தைச் சுளித்தால் நிறுத்துவேன். சுளிப்பு போனதும் தொடங்குவேன். மாலை என் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன.

கை பழகி வேகம் வந்தது. செவ்வாய் இடது பக்கம். புதன் வலது பக்கம். எடுபட்ட முடியை அவர் செய்வதுபோலவே சிறு பின்னல்களாகப் பின்னிவிட்டேன். புதன் பின்னேரம் அவர் இடது கையைத் தூக்கி அந்தப் பின்னல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கன்னத்தில் கையை வைத்தார். “செங்கா,” என்றார். அப்படியே நித்திரையாகிவிட்டார். அந்த ஐந்து கிழமையில் முகம் சுளிக்காமல் அவர் நித்திரை கொண்டதை அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், “வெள்ளிக்கு முதல் முடிச்சிடுவன்,” என்றேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

வியாழன் பின்பக்கம். அவரைச் சரித்துப் படுக்கவைத்துத் தாதி ஒருவர் பிடித்துக்கொண்டார். எண்ணெய் ஊற்றி ஊசியை நுழைத்தேன். அது உள்ளே மெத்தென்று போனது. வெளியே எடுத்தபோது நுனியில் சீழ் இருந்தது. அக்கா அலறினார்.

டாக்டர் வந்தார். சடையைத் தூக்கிப் பார்க்க முடியாமல் ஓரத்தால் விளக்கடித்துப் பார்த்தார். உடம்பைப் புரட்டினாலும் ஐந்து கிழமை தலை ஒரே இடத்தில் அழுந்தியதால் தோல் புண்ணாகி, சடைக்குக் கீழே சீழ் பிடித்திருந்தது. எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. “இதை இப்பவே எடுக்கவேணும். ரத்தத்தில ஏறினால் நாங்கள் ஒண்டும் செய்யேலாது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுப்புத் தாதி என்னைப் பார்த்தார். அந்த மனுசியை நான் குறை சொல்லமாட்டேன். மெஷினைத் தானே எடுத்து வழித்திருக்கலாம். ஒருவரும் தடுத்திருக்க முடியாது. “இவவுக்கு இஞ்ச சொந்தக்காரர் இல்லை. மகளுக்கு இன்னும் விசா வரேல்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கோ. நீங்களே வெட்டினால் அவவுக்கு ஆறுதலாயிருக்கும்,” என்றார்.

நான் கட்டிலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். என் முகமும் அவர் முகமும் ஒரே மட்டத்தில் இருந்தன.

“அக்கா, பின்னுக்குப் புண் வந்திட்டுது. முடியை வெட்டவேணுமாம். நான் வெட்டட்டோ?”

“செங்கா.”

“தேத்தண்ணி வேணுமோ?”

“செங்கா.” கிண்ணத்தை வாயில் வைத்தேன். குடித்தார்.

“முடியை வெட்டட்டோ அக்கா? வெட்டாட்டில் நஞ்சு ஏறிடும் எண்டு சொல்லினம்.”

“செங்கா. செங்கா. செங்கா.”

“வெட்டலாமெண்டால் என்ர கையை ஒருக்கால் இறுக்குங்கோ.”

அவர் இறுக்கினார். ஆனால் விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லை. வெட்டு என்று பிடித்தாரா, வெட்டாதே என்று தடுத்தாரா? கண்களைப் பார்த்தேன். கண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது புண்ணின் வலியாகவும் இருக்கலாம். தாதி வந்து விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக எடுத்துவிட்டார்.

கத்தரிக்கோலைக் கையில் தந்தார்கள். முதலில் பின்பக்கச் சடையை ஓரத்திலிருந்து வெட்டினேன். கடினமாக இருந்தது, இரண்டு கையாலும் அழுத்தவேண்டியிருந்தது. அது முழுத் துண்டாகக் கழன்று வந்தது. கீழே ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் புண். வாடை அறை முழுவதும் பரவியது.

பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை விளங்கிக்கொள்ள முடியவில்லை. “மற்றதையும் ஒரே மட்டமா வெட்டிவிடுங்கோ, மருந்து கட்டச் சுகம்,” என்று பொறுப்புத் தாதி சொன்னார். நான் வெட்டினேன். மூன்று நாள் இருந்து சிக்கெடுத்துப் பின்னிய பின்னல்களை, ஒரு புண்ணும் இல்லாத பக்கங்களில் இருந்த முடியை, நானே வெட்டினேன். இது வேண்டாம், இதை விடுங்கோ என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாதி சரி என்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். களைத்திருந்தேன். சொன்னதைச் செய்து பழகியிருந்தேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் அக்காவின் தலை எவ்வளவு சிறியது என்று கண்டேன்.

வீட்டில் அழுதேன். கணவர் சொன்னார்: “நீர் வெட்டாட்டில் அந்த மனுசி செத்திருக்கும். விளங்குதோ? அதை யோசியும்.” டாக்டரும் அதையேதான் சொன்னார். புண் மூன்று கிழமையில் ஆறியது. அவர்கள் சொன்னது சரி.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் போனேன். அக்கா அடிக்கடி இடது கையைத் தூக்கித் தலையைத் தடவுவார். தடவிவிட்டுக் கையை எடுத்துப் பார்ப்பார். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் என் கன்னத்தில் மறுபடி கை வைக்கவும் இல்லை. கோபமா, களைப்பா, மறதியா, தெரியாது. “கோவமோ அக்கா?” என்று ஒரு நாள் கேட்டேன். கேட்டதும் வெட்கமாகிவிட்டது. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒக்டோபரில் மகளுக்கு விசா கிடைத்தது. என்னுடைய வயதுதான் இருக்கும். தாயின் அதே வட்டமான முடி. நான் போனபோது கட்டிலருகே இருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். எழும்பிக் கைகொடுத்தார். அம்மா கடிதங்களில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றார். பிறகு கேட்டார்:

“தலைமுடியை ஆர் வெட்டினது?”

“நான்.”

புண்ணைப் பற்றிச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அம்மாவைக் கேட்டனீங்களோ?”

“கேட்டன்.”

“என்ன சொன்னவ?”

நான் அக்காவைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கும் அந்த ஒரு சொல்லைப் பற்றித் தெரிந்திருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. தாயின் போர்வையைச் சரிசெய்துவிட்டு,

“சரி. வெட்டின முடி எங்க?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. தாதி அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் கொண்டுபோனதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கழிவுகளோடு எரித்திருப்பார்கள். சடை மட்டுமல்ல, பின்னல்களும் அதே பையில்தான் போயின.

“எறிஞ்சிட்டினம்,” என்றேன்.

“எறிஞ்சிட்டினமோ,” என்று திருப்பிச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. “எங்கட ஆக்கள் அப்பிடி எறியிறதில்லை. வீட்டு ஆக்கள்தான் வைச்சிருக்கிறது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

தலையைத் தொட்டதற்கு அடுத்த நாள் தாய் சொன்னதும் இதுதான், உனக்குத் தெரியாது என்று. அன்று அது மன்னிப்பாக இருந்தது. நான் கொண்டுபோன தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து மகளுக்கு ஊற்றினேன். நன்றி சொல்லி மேசையில் வைத்தார். நான் எழும்பும்வரை அது அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படுத்திருந்தார். வியாழக்கிழமை மகள் தாயைப் பிஜிக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பொறுப்புத் தாதி சொன்னார். வியாழன் முழுக்க நான் வேலையில் நின்றேன். லோண்ட்ரிக்கு மேலால்தான் விமானங்கள் ஏறும். அன்று எத்தனையோ ஏறின. நான் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் லோண்ட்ரி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. அம்மா பெப்ரவரியில் இறந்துவிட்டார். இரண்டாவது தடவையும் அதே பாரிசவாதம். தேவாலயத்துக் காணியில் அடக்கம் செய்தோம். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததற்கு நன்றி. அவ்வளவுதான். பதில் எழுத மூன்று தடவை இருந்தேன். கடைசியாக அனுதாபம் சொல்லி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். முடியைப் பற்றி அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. நியூ லின்னுக்கு வீடு மாறிய கிழமை எங்கேயோ தவறிவிட்டது.